மூன்று பாதம் கிட்டே

அத்தியாயம் 17

ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். சின்னவள் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினாள். பந்தய நாள் காலையில் படியேறிக் கால்களை வீணாக்கக் கூடாது என்பது கோச்சின் கண்டிப்பான உத்தரவு. கோச்சின் உத்தரவுகளை எல்லாம் வேன் நசுங்கிய அன்றே அவள் மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

அன்று பயிற்சி முடித்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு லாரி தறிகெட்டு வந்தது. வேனை ஓட்டிய அண்ணன், கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்துத் தன் பக்கத்தைக் காட்டினான். உள்ளே இருந்த நாலு பெண்களுக்கும் சிராய்ப்போடு போயிற்று. மடங்கிய தகட்டுக்குள் மாட்டிக்கொண்டது அவனுடைய வலது கால்.

அந்த நாலு பேரும் ஒரே தொடர் ஓட்ட அணி. முதலில் ஓடுபவள் கொக்கு. இரண்டாவது சுருட்டை. மூன்றாவது அண்ணி, அதாவது அவன் மனைவி. கடைசியாக ஓடி முடிப்பவள் அவன் தங்கை, சின்னவள். கொக்கு, சுருட்டை, சின்னவள் என்று பட்டப்பெயர் வைத்ததெல்லாம் அவன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் வருகைப் பதிவோடு சரி.

வார்டு வாசல் பெஞ்சில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கைகள் கோர்த்தபடி இருந்தன. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"உள்ள போ. உன்கிட்டதான் பேசணுமாம். என்கிட்ட பேசி முடிச்சாச்சு."

சின்னவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணன் விழித்திருந்தான். முகம் பாதியாக இளைத்திருந்தது. வாய் மட்டும் இளைக்கவில்லை.

"வாங்க, வாங்க. கடைசி ஓட்டக்காரி வந்தாச்சு. சூப்பர்வைசர் எங்கே?"

மனைவிக்கு அவன் வைத்த பெயர் அது.

"ஹாஸ்டல்லண்ணா. கோச் மேடம் பக்கத்துலயே படுத்துக் காவல் காத்தாங்களாம்."

"தூங்கினாளா?"

"கண்ணை மூடிட்டு இருந்தாங்களாம்."

அவன் கூரையைப் பார்த்தான். பிறகு, பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் தொனியில் சொன்னான்.

"கால் போகுதுடி."

அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள மறுத்தாள் என்பதுதான் சரி.

"முட்டிக்குக் கீழே. சீழ் மேலே ஏறுதாம். விட்டா ஆளையே கொண்டுபோயிடுமாம். நேத்து நீங்க கிளம்பின பிறகு சொன்னாங்க. நீங்க டிராக்ல நிக்கற நேரத்துக்கு நான் ஆபரேஷன் மேஜை மேலே படுத்திருப்பேன்."

"வேற டாக்டரைப் பார்க்கலாம்ணா. எங்கயாவது பெரிய…"

"பெரிய டாக்டர், ரொம்பப் பெரிய டாக்டர், எல்லாரும் பார்த்தாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. என் கால், என் கையெழுத்து." அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் சூடு கொதித்தது. "உங்க அண்ணிக்கு ஓடி முடிக்கற வரைக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா டிராக் பக்கமே போக மாட்டா. அவ ஓடலைன்னா நான் எதுக்குடி அன்னிக்கு வண்டியைத் திருப்பினேன்?"

சின்னவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வது?

"அப்புறம் சொல்லும்போது அழுதுகிட்டே சொல்லாதே. ஜோடி சேர்க்கற வேலை வீட்ல இனிமே பாதிதான்னு சொல்லு."

அண்ணி வேலை பார்ப்பது ஷூ கம்பெனியில். தைத்து வரும் ஷூக்களை வலது, இடது பார்த்து, தோலின் நிறம் பார்த்து, ஜோடி சேர்த்துப் பெட்டியில் போடும் பிரிவு. அண்ணன் சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். சின்னவளால் முடியவில்லை. அவன் கையைத் தன் கன்னத்தில் ஒரு முறை அழுத்திவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

"நீ எப்படிம்மா இப்படி உட்கார்ந்திருக்கே?" கோபம் அம்மாமேல் பாய்ந்தது. "ராவும் பகலும் வேண்டிக்கிட்டியே, இதுக்கா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அவன் காலைக் கேக்கலடி. புள்ளையைக் குடுன்னு கேட்டேன். குடுத்துட்டாரு. அதுக்கு மேலே பேரம் பேச எனக்கு மூஞ்சி இல்ல." கோர்த்த விரல்கள் இறுகின. "உங்க அண்ணி வேற மாதிரி கேட்டிருக்கா. எனக்கு அவளை நினைச்சாதான் பயமா இருக்கு."

* * *

அண்ணி எப்படிக் கேட்டிருக்கிறாள் என்பது சின்னவளுக்குத் தெரியும். நேற்று மாலைதான் தெரிந்தது.

தொடர் ஓட்டத்தில் கைமாறும் குச்சியை, அதாவது பேட்டனை, வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் போய்விடும். அதனால் பின்னால் கொஞ்ச தூரத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைப்பார்கள். கொடுக்க வருகிறவளின் கால் அந்தக் குறியைத் தொடும் நொடியில் வாங்குகிறவள் கண்மண் தெரியாமல் கிளம்பிவிட வேண்டும். பின்னாலிருந்து "கை!" என்று குரல் வரும். பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பேட்டன் உள்ளங்கையில் வந்து விழும்.

குறியின் தூரத்தை வாங்குகிறவள்தான் தன் பாதத்தால் அளந்து ஒட்டுவாள். கொடுப்பவளின் வேகத்தைப் பொறுத்து அது தள்ளியோ கிட்டேயோ போகும். அண்ணிக்கும் சின்னவளுக்கும் இடையே அந்தத் தூரம் மூன்று வருடமாக மாறியதில்லை.

நேற்றுப் பயிற்சியில் இரண்டு முறையும் தப்பிவிட்டது. அண்ணி குறியை மிதித்தாள், சின்னவள் கிளம்பினாள், அண்ணியால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் பதினோரு இரவு உட்கார்ந்திருந்த கால்கள்.

"குறியைக் கிட்டே கொண்டு வா. அவ நெருங்கின பிறகு கிளம்பு" என்றாள் கோச்.

அண்ணி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "குறி மாறக் கூடாது மேடம். மாத்தினா நான் ஓட மாட்டேன்."

தனியாக இருக்கும்போது சின்னவளிடம் காரணம் சொன்னாள். "அவர் சாவி மாட்டற ஆணியில சாவி அப்படியே தொங்குது. அவர் குடிச்ச டம்ளரைக் கூட நான் இடம் மாத்தல. எல்லாம் இருந்தபடி இருந்தா அவரும் இருந்தபடி வருவார்னு வேண்டிக்கிட்டிருக்கேன். நீ குறியை மாத்திடாதே. சத்தியம் பண்ணு."

சின்னவள் சத்தியம் செய்திருந்தாள்.

* * *

மைதானத்தின் பின்புறம், கூரை போட்ட நீண்ட அறை. ரப்பர் தரையில் ஏழெட்டு அணிகள் கால் நீட்டிக் கிடந்தன. தைல வாடை மூக்கைத் துளைத்தது. முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகளுக்குத்தான் பெரிய போட்டியில் இடம். மூன்றாவதாக வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

"பார்த்தியா அவரை?" அண்ணி கேட்டாள்.

"பார்த்தேன்."

"என்ன சொன்னார்?"

"ஓடச் சொன்னார்."

"கால் எப்படி இருக்கு?"

சின்னவள் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டாள். "மருந்து போட்டிருக்காங்க. தூங்கறார்."

அண்ணி பெருமூச்சு விட்டாள். "கொஞ்சம் தெம்பா இருக்குடி எனக்கு. திரும்பு, நம்பரைக் குத்தறேன்."

முதுகில் எண் அட்டையை அண்ணிதான் குத்திவிடுவாள். அதுவும் மூன்று வருடப் பழக்கம். ஷூ கம்பெனியில் பழகிய விரல்கள். கோணல் வராது, தோலில் படாது.

"அசையாதே, குத்திடும்."

முதல் ஊக்கு ஏறியது. இரண்டாவது ஏறியது. பனியன் வழியாக அண்ணியின் விரல் நுனி பட்டுப் பட்டு விலகியது. இன்னும் சிறிது நேரத்தில் இதே கையை நம்பித்தான் முன்னால் பார்த்து ஓடப் போகிறாள். இதே கைக்குச் சற்று முன்பு பொய் சொல்லியிருக்கிறாள்.

அண்ணனின் சூடான பிடி நினைவுக்கு வந்தது. தெரியக் கூடாது என்றானே. ஓடி முடித்த பிறகு சொன்னால் என்ன ஆகும்? பேட்டனைக் கொடுத்த அண்ணியின் கை இனி எதை நம்பும்?

"அண்ணி, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"எப்போ?"

"இப்பதான்."

ஊக்கு பாதியில் நின்றது. சின்னவள் திரும்பவில்லை. எதிரே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். சீழ் ஏறியதை, முட்டிக்குக் கீழே என்றதை, கையெழுத்தை. தன் குரல் தனக்கே யாரோ அறிவிப்புச் செய்வதுபோலக் கேட்டது.

பாதி ஏறியிருந்த ஊக்கு மெல்ல வெளியே வந்தது.

"இந்நேரம் உள்ளே கொண்டு போயிருப்பாங்களா?" அண்ணி கேட்டாள்.

"போயிருப்பாங்க."

"என்கிட்ட சொல்லாதேன்னாரா?"

"ஆமா."

"அப்புறம் ஏன்டி சொன்னே?"

"பின்னாடி பார்க்காம கையை நீட்டணும் அண்ணி. உங்ககிட்ட இதை மறைச்சு வெச்சுக்கிட்டு எனக்கு அந்தக் கை நீளாது."

தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினாள். அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். கொக்குவும் சுருட்டையும் அங்கிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு முகங்களைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது அவர்களுக்கு. மீதியைச் சின்னவள் இரண்டு வார்த்தையில் சொன்னாள்.

"நான் எதையும் மாத்தலையே" என்றாள் அண்ணி, யாரையும் பார்க்காமல். "சாவி அப்படியே இருக்கு. டம்ளர் அப்படியே இருக்கு. ஒண்ணைக்கூட நகர்த்தலையே நான். அப்புறம் எப்படி?"

கொக்கு அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "அண்ணி, ஓட வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலு பேரும் இப்பவே டாக்ஸி பிடிச்சுப் போயிடலாம். போட்டி கிடக்கு கழுதை."

"நாலு பேரும் ஒரே டாக்ஸியா? உன் நீளக் காலை எங்கே வெப்பே?" பழக்க தோஷத்தில் சுருட்டை கேட்டுவிட்டாள்.

கேட்ட மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்தது. கால் என்ற சொல் நாலு பேருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. சுருட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அண்ணி, நான்…"

சின்னவளுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. "அண்ணா ஒண்ணு சொல்லச் சொன்னார் அண்ணி. ஜோடி சேர்க்கற வேலை வீட்ல இனிமே பாதிதானாம்."

அண்ணி அவளையே பார்த்தாள். உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. பக்கத்து அணிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாவி மனுஷன்" என்றாள் அண்ணி. "அங்கே படுத்துக்கிட்டும் வாய் அடங்குதா பாரு."

புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கொக்கு கொடுத்த கையைப் பிடித்து எழுந்தாள்.

"மூணு பாதம்."

"என்ன அண்ணி?"

"டேப். மூணு பாதம் கிட்டே ஒட்டு."

இரண்டு போதும் என்றுதான் சின்னவள் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். அதையும் எப்படிக் கேட்பது என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்டி. நேத்தே தெரியும். ஒத்துக்கத்தான் மனசு வரல." அண்ணி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "நில்லு. இன்னும் ரெண்டு ஊக்கு பாக்கி."

* * *

வெயிலில் டிராக் கொதித்தது. சின்னவள் பாதத்துக்கு முன் பாதம் வைத்து அளந்தாள். பழைய இடம் வந்ததும் நின்றாள். அங்கிருந்து திரும்பி மூன்று பாதம் நடந்து, குனிந்து, டேப்பை ஒட்டினாள். கட்டைவிரலால் ஓரங்களைத் தேய்த்தாள்.

துப்பாக்கிச் சத்தம்.

கொக்கு அம்புபோல் கிளம்பினாள். வளைவைத் தாண்டிச் சுருட்டையிடம் பேட்டன் போனது, சுத்தமாக. சுருட்டையிடமிருந்து அண்ணியிடம். மைதானத்தின் எதிர்ப்புறத்தில் அண்ணியின் உருவம் வளைவுக்குள் நுழைந்தது. இரண்டாவது இடத்தில் வந்தாள். பிறகு மூன்றாவது.

சின்னவள் குனிந்து, தன் கையிடுக்கு வழியாகக் குறியை மட்டும் பார்த்தாள்.

பக்கத்துப் பாதைக்காரி கிளம்பிவிட்டாள். அடுத்தவளும் கிளம்பினாள். உடம்பின் ஒவ்வொரு நரம்பும் போ போ என்று பிடித்துத் தள்ளியது. பழைய குறியாக இருந்தால் இந்நேரம் கிளம்பியிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணியின் கால் டேப்பில் விழுந்தது.

சின்னவள் பாய்ந்தாள். முன்னால் வெள்ளைக் கோடு. அதற்குள் பேட்டன் கைமாற வேண்டும். கோட்டைத் தாண்டி மாறினால் அணியே வெளியே. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ஓடினாள்.

குரல் வரவில்லை.

இந்த இடத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விழுந்துவிட்டாளா? நின்றுவிட்டாளா? கோடு நெருங்கியது. ஒரே ஒரு பார்வை போதும், திரும்பிப் பார்த்துவிடலாம். கழுத்து திரும்பத் துடித்தது.

அப்போது கூச்சலுக்கு நடுவே, முதுகுக்கு வெகு அருகில், ஒரு மூச்சு கேட்டது. கிழிந்த மூச்சு. அழுது முடித்தவள் விடும் மூச்சு.

குரல் வராமலே சின்னவள் கையைப் பின்னால் நீட்டினாள்.

உள்ளங்கையில் பேட்டன் அடித்து விழுந்தது.

அதன் பிறகு அவளுக்கு எதுவும் தெளிவாக நினைவில்லை. முன்னால் இரண்டு முதுகுகள் இருந்தன. ஒரு முதுகு பெரிதாகி, பக்கத்தில் வந்து, அவள் நெஞ்சை முன்னால் தள்ளி விழுந்தபோது காணாமல் போனது. கொக்கு எங்கிருந்தோ ஓடி வந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். "ரெண்டாவது! சின்னவளே, ரெண்டாவதுடி!"

திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், கைமாறிய இடத்தில், அண்ணி தரையோடு தரையாகக் குனிந்து எதையோ பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நின்ற நடுவர் மஞ்சள் கொடியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

பெரிய பலகையில் எல்லா அணிகளுக்கும் இடம் விழுந்தது. அவர்களுடைய வரிசைக்கு எதிரே மட்டும் ஒரு சொல்: பரிசீலனையில்.

"கோட்டைத் தாண்டி மாறிச்சான்னு படம் போட்டுப் பார்க்கறாங்க" என்று கோச் ஓடி வந்தாள். "நான் இங்கே இருந்து சண்டை போடறேன். நீங்க கிளம்புங்க. போங்கடி, நிக்காதீங்க!"

நாலு பேரும் ஒரே டாக்ஸியில் ஏறினார்கள். கொக்குவின் முட்டி சுருட்டையின் முகவாயில் இடித்தது.

"குரல் வரலடி" என்றாள் அண்ணி, பாதி வழியில். "கத்தினா அழுகைதான் வந்திருக்கும். நீ எப்படிக் கையைக் குடுத்தே?"

"மூச்சு கேட்டுச்சு."

அண்ணி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். மூடிய உள்ளங்கைக்குள் எதையோ இறுக்கி வைத்திருந்தாள்.

* * *

சாயங்காலம்தான் உள்ளே விட்டார்கள். இரண்டு பேர், அதுவும் கொஞ்ச நேரம்தான் என்றாள் நர்ஸ்.

போர்வை ஒரு பக்கம் மேடாக இருந்தது. மறுபக்கம் முட்டியோடு தட்டையாகப் படிந்திருந்தது. சின்னவள் பார்வையை அவசரமாக அண்ணன் முகத்துக்கு ஏற்றினாள். அண்ணி ஏற்றவில்லை. தட்டையான இடத்தையே பார்த்தாள், பார்த்து முடிக்கும்வரை பார்த்தாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். நாக்கு குழறியது.

"பேட்டன் விழுந்துச்சா?"

"விழல" என்றாள் சின்னவள்.

"அப்போ சரி." அவன் கண்கள் அவளிடம் வந்து நின்றன. "சொல்லிட்டியா?"

"ஓடறதுக்கு முன்னாடியே."

"துரோகி" என்றான். உதட்டோரம் லேசாக இளகியது. பிறகு தயங்கி, முதல் தடவையாகப் பயந்த குரலில், "என்ன சூப்பர்வைசர், என்கூடப் பேச மாட்டியா?" என்றான்.

அண்ணி கட்டிலின் பக்கத்தில் குனிந்தாள். மூடிய உள்ளங்கையைத் திறந்தாள். டிராக்கிலிருந்து பிய்த்து வந்த டேப், வியர்வையில் சுருண்டு கிடந்தது. அதை நீவி நிமிர்த்தினாள். கட்டிலின் விளிம்பிலிருந்து தன் பாதத்தால் அளந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆஸ்பத்திரித் தரையில் டேப்பை ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தாள். பாதி ஒட்டியது. மீதியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"இதுதான் குறி" என்றாள். "ஊன்றுகோலோ கட்டைக்காலோ, எதை வெச்சாவது இது வரைக்கும் வாங்க. என்னிக்கு வேணா வாங்க. நீங்க வந்து இதை மிதிக்கற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டுக் கிளம்ப மாட்டேன்."

அண்ணன் தலையைத் தூக்கித் தரையைப் பார்க்க முயன்றான். முடியவில்லை. கண்ணின் ஓரம் நனைந்து காதுப் பக்கம் வழிந்தது.

"இன்னும் கொஞ்சம் கிட்டே ஒட்டக் கூடாதா?"

"கூடாது."

கதவு திறந்தது. அம்மா நின்றிருந்தாள். ஃபோனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சோடு பொத்திப் பிடித்திருந்தாள்.

"உங்க கோச் லைன்ல இருக்கா" என்றாள் மெல்ல. "எதுவும் விளங்கலடி. அழறாளா சிரிக்கறாளான்னே தெரியல."

சின்னவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். அண்ணியின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது.

"வெயிட் பண்ணச் சொல்லுங்க அத்தை" என்றாள் அண்ணி. தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. "இது இன்னும் சரியா ஒட்டல."